கூரையில் காய்க்குமா காசு?



போன கோடை விடுமுறையில் ஊருக்குப் போயிருந்தேன். பையைக் கீழே வைத்து முகம் கூடக் கழுவவில்லை. அப்பா ஒரு தாளை நீட்டினார். "தம்பி, நீ கரண்டு படிக்கிறவன்தானே... இதக் கொஞ்சம் பாத்துச் சொல்லு. சரின்னா நாளைக்கே அம்மா சங்கிலிய வச்சுட்டு வந்துடலாம்" என்றார்.

அது மாடியில் சோலார் போட்டுத் தருவதற்கான எஸ்டிமேட். 3 கிலோவாட் பேனல் 2,10,000 ரூபாய். 150 ஏ.எச். ட்யூபுலர் பேட்டரி நான்கு, 60,000 ரூபாய். மொத்தம் 2,70,000. மத்திய அரசு மானியம் 78,000 போக, கைக்காசு 1,92,000. கீழே தடித்த எழுத்தில், "வருட மிச்சம் ரூ.38,880. ஐந்தே வருடத்தில் போட்ட பணம் கைக்கு வந்துவிடும்!" என்று இருந்தது.

1,92,000-ஐ 38,880-ஆல் வகுத்தால் 4.94. வகுத்தல் சரிதான். ஆனால் அந்த 38,880 எங்கிருந்து வந்தது? இந்தக் கட்டுரை அதைத் தேடிப் போன கதைதான். நம்மில் பலர் வீட்டிலும் இன்றைக்கோ நாளைக்கோ இப்படி ஒரு தாள் வரத்தான் போகிறது. அதனால் என் கணக்கை உங்கள் முன் வைக்கிறேன்.

பேனல் எவ்வளவு தரும்?

1 கிலோவாட் பேனல் என்றால் மணிக்கு 1 யூனிட் வீதம் பகல் முழுக்கக் கொட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. பேனலில் எழுதியிருக்கும் வாட் என்பது சதுர மீட்டருக்கு 1000 வாட் வெயிலில், செல்லின் வெப்பநிலை 25 டிகிரியாக இருக்கும்போது அளந்தது. நம் ஊர் மே மாத மொட்டை மாடியில் செல் 60 டிகிரி வரை சூடாகும். ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 0.4 சதவீதம் குறையும் என்றால், 35 டிகிரிக்கு 14 சதவீதம் போச்சு! வெயில் அதிகமானால் கரண்டு அதிகம் வரும், ஆனால் சூடு அதிகமானால் குறையும். இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக் கொள்ளக் கூடாது.

அதற்கு மேல் தூசி, வயர் இழப்பு, இன்வெர்ட்டர் இழப்பு எல்லாம் உண்டு. தமிழ்நாட்டில் ஒரு நாள் வெயிலை முழு வெயிலாக மாற்றிக் கணக்கிட்டால் சுமார் 5.2 மணி நேரம் வரும். இழப்புகளுக்காக 0.77-ஆல் பெருக்கினால் 4. ஆகவே 1 கிலோவாட்டுக்கு ஒரு நாளைக்கு 4 யூனிட். இரண்டு மாதத்துக்கு 240 யூனிட். ஐப்பசி, கார்த்திகை மழை பிடித்துக் கொண்டால் இது கிடைக்காது. எனவே நவம்பர்-டிசம்பருக்கு மட்டும் நாளைக்கு 3.2 என்று குறைத்து, 192 யூனிட் என வைத்துக் கொண்டேன்.

பேனல் தெற்குப் பார்த்து, பத்துப் பன்னிரண்டு டிகிரி சாய்வாக இருக்கட்டும். தண்ணீர்த் தொட்டி நிழலோ, பக்கத்து வீட்டுத் தென்னை நிழலோ விழக் கூடாது. பேனல்கள் தொடராக இணைக்கப்படுவதால் ஒன்றின் மேல் விழும் நிழல் மொத்த வரிசையையும் பாதிக்கும். சீரியல் செட்டில் ஒரு பல்பு போனால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியாதா என்ன? பேனலில் பைபாஸ் டையோடு இருப்பதால் அந்த அளவு மோசம் இல்லை, ஆனாலும் இழப்பு இழப்புதான்.

38,880 பிறந்த விதம்

3 கிலோவாட்டுக்கு இரண்டு மாதத்தில் 720 யூனிட். விற்க வந்தவர் எங்கள் மே-ஜூன் ரசீதை வாங்கிப் பார்த்திருக்கிறார். அதில் கடைசி யூனிட்டின் விலை 9 ரூபாய். 720 பெருக்கல் 9, 6,480. வருடத்துக்கு ஆறு ரசீது, 38,880. முடிந்தது!

நான் அப்பாவிடம், "ஒரு வருஷ ரசீது எல்லாத்தையும் எடுங்க" என்றேன். ஈ.பி. கார்டோடு சேர்த்து ரப்பர் பேண்டு போட்டு வைத்திருந்தார். கூட்டிப் பார்த்தோம். வருடம் முழுக்க நாங்கள் கட்டிய மொத்தமே அந்தத் தொகையில் பாதி கூட இல்லை! கட்டாத பணத்தை மிச்சம் பிடிப்பது எப்படி? அப்பா சிரித்துவிட்டார். ஆனால் எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் நான் முதலில் போட்ட கணக்கும் தப்பாகத்தான் இருந்தது.

நான் செய்த தப்பு

மொத்தப் பில்லை மொத்த யூனிட்டால் வகுத்தேன். சராசரியாக ஒரு யூனிட் 4 ரூபாய் 31 காசு. பேனல் தரும் யூனிட்டை இதனால் பெருக்கினேன். 1 கிலோவாட் போட்டால் வருடத்துக்கு 6,000 ரூபாய் மிச்சம் என்று வந்தது. இதுவும் தப்பு. ஏன் தப்பு என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

நம் வீட்டு மின்கட்டணம் படிக்கட்டு மாதிரி. மேலே ஏற ஏற ஒவ்வொரு யூனிட்டின் விலையும் கூடும். கணக்குப் போட எளிதாக இருக்கட்டும் என்று 2022 செப்டம்பரில் நிர்ணயித்த விகிதத்தைத் தருகிறேன். (2024 ஜூலையில் ஏறத்தாழ 5 சதவீதம் கூடியது. படிக்கட்டின் அமைப்பு மாறவில்லை. உங்கள் வீட்டுக்குப் போடும்போது ரசீதில் உள்ள விலையைப் போட்டுக் கொள்ளுங்கள்.)

இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் வரை செலவழித்தால்:
முதல் 100 யூனிட் - இலவசம் (2016 மே முதல்)
101 முதல் 200 - 2.25 ரூபாய்
201 முதல் 400 - 4.50 ரூபாய்
401 முதல் 500 - 6 ரூபாய்

500-ஐத் தாண்டினால்:
முதல் 100 - இலவசம்
101 முதல் 400 - 4.50 ரூபாய்
401 முதல் 500 - 6 ரூபாய்
501 முதல் 600 - 8 ரூபாய்
601 முதல் 800 - 9 ரூபாய்
801 முதல் 1000 - 10 ரூபாய்
அதற்கு மேல் - 11 ரூபாய்

இதில் ஒரு வேடிக்கை பாருங்கள். 500 யூனிட்டுக்குப் பில் 1,725 ரூபாய். 501 யூனிட்டுக்கு 1,958 ரூபாய். அந்த ஒரே ஒரு யூனிட்டின் விலை 233 ரூபாய்! 500-ஐத் தாண்டியதும் 2.25 ரூபாய்ச் சலுகை கைவிட்டுப் போவதே காரணம்.

பேனல் போட்டால் யூனிட் குறைவது மேல் படியிலிருந்துதான். முதலில் 9 ரூபாய் யூனிட் போகும், பிறகு 8 ரூபாய், பிறகு 6, பிறகு 4.50. கடைசியில் இலவச 100 யூனிட்டும் போகும். இலவசத்தை மிச்சம் பிடித்து என்ன லாபம்?

ஆகவே சூத்திரம் ஒன்றே ஒன்றுதான்.

மிச்சம் = பேனல் இல்லாத பில் - பேனல் உள்ள பில்

இரண்டு பில்லையும் முழுதாகப் போட்டுக் கழிக்க வேண்டும். யூனிட்டை ஏதோ ஒரு விலையால் பெருக்கும் எந்தக் கணக்கும் சரிவராது. அதிக விலையால் பெருக்கினால் விற்பவர் கணக்கு, சராசரியால் பெருக்கினால் என் கணக்கு. இரண்டுமே தப்பு.

எங்கள் வீட்டு மே-ஜூன் ரசீதை எடுத்துக் கொள்வோம். 700 யூனிட். பில் 3,650 ரூபாய்.

1 கிலோவாட் போட்டால் 240 யூனிட் போக மீதி 460. பில் 1,485. மிச்சம் 2,165.
2 கிலோவாட் போட்டால் மீதி 220. பில் 315. மிச்சம் 3,335.
3 கிலோவாட் போட்டால் மீதி எதுவும் இல்லை. பில் பூஜ்யம். மிச்சம் 3,650.

முதல் கிலோவாட் 2,165 ரூபாய் சம்பாதித்தது. இரண்டாவது 1,170. மூன்றாவது வெறும் 315! மூன்றும் ஒரே வெயிலில், ஒரே மாடியில், ஒரே அளவு உழைக்கின்றன. கூலி மட்டும் வேறு வேறு.

ஆறு ரசீதையும் போட வேண்டும்

கோடை ரசீதை ஆறால் பெருக்குவது அடுத்த தப்பு. மார்கழிக் குளிரில் யார் ஏ.சி. போடுகிறார்கள்? எங்கள் வீட்டின் ஆறு ரசீது இதோ:

ஜனவரி-பிப்ரவரி - 440 யூனிட், 1,365 ரூபாய்
மார்ச்-ஏப்ரல் - 640 யூனிட், 3,110 ரூபாய்
மே-ஜூன் - 700 யூனிட், 3,650 ரூபாய்
ஜூலை-ஆகஸ்டு - 600 யூனிட், 2,750 ரூபாய்
செப்டம்பர்-அக்டோபர் - 540 யூனிட், 2,270 ரூபாய்
நவம்பர்-டிசம்பர் - 420 யூனிட், 1,245 ரூபாய்
மொத்தம் - 3,340 யூனிட், 14,390 ரூபாய்

ஒவ்வொன்றுக்கும் மேலே சொன்ன மாதிரி தனித்தனியாகக் கழித்துக் கூட்டினேன். வந்த விடை:

1 கிலோவாட் - வருட மிச்சம் 9,584 ரூபாய்
2 கிலோவாட் - வருட மிச்சம் 13,895 ரூபாய்
3 கிலோவாட் - வருட மிச்சம் 14,390 ரூபாய்

சராசரிக் கணக்கில் 6,000 என்று வந்த முதல் கிலோவாட் உண்மையில் 9,584 தருகிறது. 38,880 என்று சொன்ன 3 கிலோவாட் 14,390-தான் தருகிறது. மிஞ்சிப் போகும் யூனிட்டுக்கு வாரியம் ஏதாவது தராதா என்று கேட்பீர்கள். நாம் வாங்கும் விலை கிடைக்கும் என்று நம்பி எஸ்டிமேட் போடக் கூடாது. கணக்கில் அதைப் பூஜ்யம் என்று வைப்பதே பத்திரம், வந்தால் லாபம்.

போட்ட பணம் எப்போது திரும்பும்?

2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமர் சூரிய வீடு திட்டத்தில் முதல் 2 கிலோவாட்டுக்குத் தலா 30,000 ரூபாய், மூன்றாவதற்கு 18,000, ஆக அதிகபட்சம் 78,000 மானியம். கிலோவாட்டுக்கு விலை 70,000 என்று அந்தத் தாளில் உள்ளபடியே வைத்துக் கொண்டால்:

முதல் கிலோவாட்: கைக்காசு 40,000. வருடத்துக்கு 9,584. நான்கு வருடத்துக்குச் சற்று மேல்.
இரண்டாவது: கைக்காசு 40,000. வருடத்துக்குக் கூடுதலாக 4,311. ஒன்பது வருடத்துக்கு மேல்.
மூன்றாவது: கைக்காசு 52,000. வருடத்துக்குக் கூடுதலாக 495. நூற்றைந்து வருடம்!

பேனலுக்கு உத்தரவாதமே 25 வருடம்தான். மூன்றாவது கிலோவாட் முதலைத் திருப்பித் தருவதற்குள் எங்கள் வீட்டில் நாலு தலைமுறை வந்துவிடும். ஆனால் மூன்றையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தால், 1,32,000-க்கு 14,390, அதாவது ஒன்பது வருடம் என்று அழகாகத் தெரியும். நல்லதோடு கெட்டதைக் கலந்தால் கெட்டது தெரியாது! அதனால்தான் ஒவ்வொரு கிலோவாட்டையும் தனியாக நிறுத்திக் கேள்வி கேட்க வேண்டும் என்கிறேன்.

பேட்டரி மிச்சம் பிடிக்குமா?

இப்போது அந்த நான்கு பேட்டரிக்கு வருவோம். 12 வோல்ட், 150 ஏ.எச். என்றால் 1.8 யூனிட். நான்குக்கு 7.2 யூனிட். லெட் ஆசிட் பேட்டரியைப் பாதிக்கு மேல் இறக்கினால் ஆயுள் குறையும் என்று நாம் பாடத்தில் படித்திருக்கிறோம். ஆகவே தினம் எடுக்கக் கூடியது 3.6 யூனிட். ஐந்து வருடம் தினமும் எடுத்தால் 6,570 யூனிட். 60,000-ஐ இதனால் வகுத்தால் யூனிட்டுக்கு 9 ரூபாய் 13 காசு. இது பேட்டரியில் வைத்து எடுப்பதற்கான வாடகை மட்டும்தான். டிஸ்டில்ட் வாட்டர் செலவு தனி.

அதற்கும் மேலே ஒன்று. நெட் மீட்டர் உள்ள வீட்டில் பகலில் மிஞ்சும் யூனிட் வெளியே போகும், இரவில் அதே யூனிட் திரும்பி வரும். கழித்த பிறகுதான் பில். அதாவது வாரியத்தின் லைனே நமக்கு இலவச பேட்டரி மாதிரி வேலை செய்கிறது. அந்த யூனிட்டை நாமே பேட்டரியில் போட்டால், 4.5 யூனிட் உள்ளே போனால்தான் 3.6 வெளியே வரும். தினம் 0.9, இரண்டு மாதத்துக்கு 54 யூனிட் வெப்பமாகப் போகிறது. ஆக, நெட் மீட்டர் வீட்டில் பேட்டரி பில்லைக் குறைக்காது. கூட்டும்!

லித்தியம் பேட்டரியில் இழப்பு குறைவு, ஆயுள் அதிகம். அதற்கும் இதே வகுத்தல்தான். விலையை, அது ஆயுள் முழுக்கத் தரும் மொத்த யூனிட்டால் வகுங்கள். வரும் விடை, நீங்கள் கொடுக்கும் யூனிட் விலையை விடக் குறைவாக இருக்க வேண்டும். வெளியே அனுப்பும் யூனிட்டுக்கு மிகக் குறைந்த விலை தரும் இடங்களில் இந்தக் கணக்கு மாறிவிடும். அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் 2023 ஏப்ரலில் அப்படி விலையைக் குறைத்தார்கள். அதன் பிறகு சோலார் போடுபவர்கள் பேட்டரியையும் சேர்த்து வாங்குவது அதிகமானது. நாளை நம் ஊரிலும் விதி மாறினால் கணக்கை மறுபடி போடத்தான் வேண்டும்.

பாட்டியின் கேள்வி

இவ்வளவையும் கேட்டுக் கொண்டிருந்த பாட்டி, "அதெல்லாம் சரிடா... கஜா புயல்ல இருட்டுல கெடந்தமே, அதுக்கு ஒன் கணக்குல என்ன வெல?" என்றார். எனக்குப் பதில் வரவில்லை.

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா எங்கள் டெல்டா மாவட்டங்களைப் புரட்டிப் போட்டது. போஸ்ட் எல்லாம் சாய்ந்தன. பல ஊர்களுக்கு வாரக்கணக்கில் கரண்டு இல்லை. அப்போது நான் சின்னப் பையன். தாத்தா படுக்கையில் இருந்தார். பாட்டி இரவெல்லாம் விசிறி மட்டையோடு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது.

இங்கே ஒரு முக்கியமான விஷயம். பேட்டரி இல்லாமல், லைனோடு மட்டும் இணைந்த சோலார், கரண்டு போனதும் தானும் நின்றுவிடும். மாடியில் வெயில் கொளுத்தும், கீழே ஃபேன் ஓடாது. இது கோளாறு அல்ல, பாதுகாப்பு. லைனில் வேலை செய்யும் லைன்மேன் மேல் நம் வீட்டுக் கரண்டு பாயக் கூடாது அல்லவா? இதைச் சொல்லாமல் விற்றுவிட்டு, பிறகு ஏச்சு வாங்குபவர்கள் உண்டு.

ஆக, பேட்டரி தருவது மிச்சம் அல்ல, வெளிச்சம். அதை மிச்சக் கணக்கில் எழுதியதுதான் தப்பு. வெளிச்சத்துக்காக வாங்குவதானால், தேவையைக் கணக்கிட்டு வாங்கலாம். இரவு எட்டு மணி நேரத்துக்கு 75 வாட் ஃபேன் இரண்டு, 9 வாட் எல்.இ.டி. பல்பு நான்கு. மொத்தம் 186 வாட், ஏறத்தாழ 1.5 யூனிட். இன்வெர்ட்டர் இழப்பும் சேர்த்தால் இரண்டு பேட்டரி வேண்டும். அதே ஃபேனை 30 வாட் பி.எல்.டி.சி. ஃபேனாக மாற்றினால் மொத்தம் 96 வாட், 0.77 யூனிட். ஒரே பேட்டரி போதும்! ஒரு பேட்டரி 15,000 ரூபாய். இரண்டு ஃபேன் அதில் பாதிக்கும் குறைவாகவே வாங்கிவிடலாம். பேட்டரி வாங்கும் முன் தலைக்கு மேலே சுற்றுவதைப் பாருங்கள், நண்பர்களே!

ஒரு பேட்டரி ஐந்து வருடம் வந்தால் மாதம் 250 ரூபாய். "பாட்டி, இருட்டுக்கு வெல மாசம் எரநூத்தம்பது" என்றேன். "அது குடுக்கலாம்" என்றார் பாட்டி.

சங்கிலி என்ன ஆயிற்று?

கடைசிக் கணக்கு இது. அந்தத் தாளின்படி 1,92,000 ரூபாய்க்கு நகைக்கடன், வட்டி 9 சதவீதம் என்றால், வருட வட்டி மட்டும் 17,280. வருட மிச்சமோ 14,390. சங்கிலி அடகில் இருக்கும், வட்டி வளரும், அசலில் ஒரு ரூபாய் கூடக் குறையாது. இதை ஒரு தாளில் எழுதி அப்பாவிடம் கொடுத்தேன். இரண்டு தடவை படித்தார். ஒன்றும் சொல்லவில்லை. தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக் கொண்டார்.

கையில் பணம் இருந்தால் எங்கள் வீட்டுக்கு 2 கிலோவாட் கூட லாபம்தான். கடன் வாங்கி என்றால் முதல் கிலோவாட்டோடு நிறுத்திக் கொள்வதே நல்லது. இரண்டாவதற்கு 40,000 கடன் வாங்கினால் வட்டி 3,600, வரவு 4,311. மிஞ்சுவது 711 ரூபாய். அதை வைத்து அசலை எப்போது அடைப்பது?

சீட்டுப் பணம் வந்ததும் 1 கிலோவாட், ஒரு சின்ன இன்வெர்ட்டர், ஒரு பேட்டரி, இரண்டு புது ஃபேன் என்று முடிவாயிற்று. அம்மாவின் சங்கிலி அம்மா கழுத்தில்தான் இருக்கிறது.

நண்பர்களே, சோலார் கெட்டது என்று நான் சொல்லவில்லை. முதல் கிலோவாட்டைப் போல வருடத்துக்கு 100 ரூபாய்க்கு 24 ரூபாய் தரும் முதலீடு வேறு எங்கே இருக்கிறது? அளவு தெரியாமல் போட்டால்தான் நஷ்டம். உங்கள் வீட்டில் இரண்டு மாதத்துக்கு 300 யூனிட்தான் ஓடுகிறதென்றால் பில்லே 675 ரூபாய்தான், அவசரப்படாதீர்கள். 1,000 யூனிட் ஓடும் வீடு என்றால் மூன்றாவது கிலோவாட்டும் நன்றாகவே சம்பாதிக்கும். ஒருவர் வீட்டுக் கணக்கு இன்னொருவர் வீட்டுக்குப் பொருந்தாது.

டிப்ளமோ முடித்து வெளியே போகும்போது நம்மில் சிலர் இதே எஸ்டிமேட் எழுதும் வேலைக்கே போகலாம். அப்போது எதிரே உட்கார்ந்திருப்பவர் யாரோ ஒருவருடைய அப்பா. அவர் பையில் யாரோ ஒருவருடைய அம்மாவின் சங்கிலி இருக்கும். ஆறு ரசீதையும் வாங்கிப் பாருங்கள், இரண்டு பில்லையும் போட்டுக் கழியுங்கள். அதற்கு அரை மணி நேரமும் ஒரு வெள்ளைத் தாளும் போதும்.

- மூன்றாம் ஆண்டு, மின்னியல் துறை